ஒரு நிமிடத்தின் விலை அறுபத்தைந்து

நிலாப் பண்டிகைக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்போது, லாய் ஷூபிங்கின் பேக்கரியில் இருந்த இரண்டு ஓவன்களில் ஒன்று ‘டப்’பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துபோனது. பழுது பார்க்க வந்தவன் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான், முகர்ந்து பார்த்தான், மறுபடியும் மூடினான்.

“பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகும் முதலாளியம்மா.”

“பண்டிகை முடிஞ்சு வந்தா அதுல எதை வேக வைக்கறது? என் தலையையா?”

அவன் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினான். ஷூபிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாப் பண்டிகைக்கு எல்லோரும் ஒருவருக்கொருவர் கேக்குப் பெட்டி கொடுத்துக்கொள்வதால், தைவானின் ஃபெங்யுவான் ஊரில் பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு வருஷம் என்பதே இந்த மூன்று வாரம்தான். மீதி நாளெல்லாம் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் சரியாகப் போய்விடும். அதிலும் இந்த வருஷம் அவள் கழுத்துக்கு மேலே ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. கணவனின் அண்ணன் ஜின்ஃபாவுக்குக் கட்டடத்தில் பாதிப் பங்கு. ஒரு பால் டீக் கம்பெனிக்காரன் அந்த இடத்தைக் கேட்டு அவரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தான்.

“போன பண்டிகையில ஏழு லட்சம் மிச்சம் காட்டின. இந்தப் பண்டிகையிலயும் ஏழு லட்சம் காட்டு, கடை உன்னோடது. ஒரு டாலர் குறைஞ்சாலும் டீக்கடைக்காரன்கிட்ட கையெழுத்துப் போட்டுடுவேன்” என்று குடும்பத்தார் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார் ஜின்ஃபா. தைவான் டாலரில் ஏழு லட்சம். இரண்டு ஓவன் இருந்தபோது வந்த ஏழு லட்சம்.

அன்று மதியமே ஷூபிங் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். உப்பு போட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கருவை உள்ளே வைத்துச் செய்யும் கரு பேஸ்ட்ரிக்குப் பெட்டிக்கு இருநூற்று நாற்பது டாலர் லாபம். அன்னாசி கேக்குக்கு நூற்று முப்பது. பயறு கேக்குக்கு நூறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“இந்த வருஷம் கரு பேஸ்ட்ரி மட்டும்தான். மத்ததெல்லாம் நிறுத்து. சொல்லி வச்சவங்களுக்குப் போன் பண்ணிடு” என்றாள், மேஜையில் ஆர்டர் பதிவு செய்துகொண்டிருந்த யுன்ஜுவிடம்.

யுன்ஜுவுக்கு நாற்பத்தாறு வயது. சைக்கிள் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் பதினான்கு வருஷம் குப்பை கொட்டியவள். தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது, இவள் போகவில்லை. இங்கே ஆர்டர் புத்தகம் பார்க்க வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் போனைத் தொடவில்லை.

“ஒரு நாள் டைம் குடுங்க முதலாளியம்மா. போன் பண்ணிட்டா திரும்ப வாங்க முடியாது.”

“ஒரு நாள்ல என்ன பண்ணப் போற?”

“அளக்கப் போறேன்.”

சொன்னபடியே மறுநாள் முழுக்க அளந்தாள். கையில் போனை வைத்துக்கொண்டு, மாவு உருட்டி மடித்து மூடும் நான்கு பெண்களின் பின்னால் நின்றாள். ஒரு பெட்டி கரு பேஸ்ட்ரிக்கு எத்தனை நிமிடக் கைவேலை, அச்சில் அழுத்தி எடுக்கும் அன்னாசி கேக்குக்கு எத்தனை என்று குறித்தாள். அந்த நால்வரில் மூத்தவளான ஆசுவான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏண்டி, நான் பாத்ரூம் போற நேரத்தையும் எழுதிக்கிறியா?”

“அது ஏற்கனவே எழுதியாச்சு அக்கா. நீங்கதான் ஃபர்ஸ்ட்.”

மற்ற மூவரும் மாவு பறக்கச் சிரித்தார்கள். ஆசுவானும் சிரித்துவிட்டாள்.

அடுத்து ஓவன் பொறுப்பில் இருந்த ஜியன் மாஸ்டரிடம் போனாள். ஜியன் மாஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓவனோடு குடும்பம் நடத்துபவர். கேட்டதற்கு மேலே ஒரு வார்த்தை பேச மாட்டார்.

“பேஸ்ட்ரி எவ்வளவு நேரம் வேகும் மாஸ்டர்? ஒரு தடவைக்கு எத்தனை தட்டு?”

சொன்னார். வகுத்துப் பார்த்ததில், ஒரு பெட்டி கரு பேஸ்ட்ரி ஓவனில் மூன்று நிமிடத்தைத் தின்றது. அன்னாசியும் பயறும் இரண்டிரண்டு.

மாலையில் யுன்ஜு கணினியை ஷூபிங் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் எக்செல் கட்டங்கள். மேலே மூன்று கட்டங்கள் மட்டும் மஞ்சள் நிறத்தில் காலியாக இருந்தன.

“இந்த மூணும்தான் நமக்குத் தெரியாதது. தினம் எத்தனை பெட்டி கரு, எத்தனை அன்னாசி, எத்தனை பயறு. கீழ இருக்கறது நம்ம கையைக் கட்டிப் போடற விஷயங்க. ஓவன் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், அதாவது அறுநூறு நிமிஷம். நாலு பேர் கை, ஆளுக்கு எட்டு மணி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது நிமிஷம். தினமும் அம்பது பெட்டி கருவுக்கு ஏற்கனவே வாக்குக் குடுத்திருக்கீங்க, அதைத் தொட முடியாது. இத்தனைக்கும் கட்டுப்பட்டு, எந்த மூணு நம்பர் போட்டா லாபம் அதிகம்னு கம்ப்யூட்டரையே தேடச் சொல்லலாம்.”

“அதான் கரு பேஸ்ட்ரின்னு நானே சொல்லிட்டேனே?”

யுன்ஜு முதல் கட்டத்தில் நூற்று இருபத்தெட்டு என்று அடித்தாள்.

“கரு மட்டும் பண்ணினா இதுக்கு மேல போகாது. ஒரு பெட்டிக்குப் பதினஞ்சு நிமிஷம் கைவேலை, அன்னாசிக்கு அஞ்சுதான். ஆசுவான் அக்காவுக்கு நாலு கை முளைச்சாத்தான் கூட வரும். ஓவன் மூணுல ஒரு பங்கு நேரம் சும்மா நிக்கும். பதினெட்டு நாளைக்கு அஞ்சரை லட்சம்.”

ஐந்தரை லட்சம் என்றால் கடையை டீக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்த மாதிரிதான்.

“இப்போ பாருங்க.” யுன்ஜு ஒரு பட்டனைத் தட்டினாள். கண் இமைக்கும் நேரத்தில் மூன்று கட்டங்களிலும் எண்கள் மாறின. கரு ஐம்பத்தாறு. அன்னாசி இருநூற்றுப் பதினாறு. பயறு பூஜ்யம். நாளுக்கு லாபம் நாற்பத்தோராயிரத்து ஐந்நூற்று இருபது. பதினெட்டு நாளைக்கு ஏழு லட்சத்து நாற்பத்தேழாயிரம்.

ஷூபிங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறாள். எது பெட்டிக்கு அதிகம் தருகிறதோ அதுதான் நல்ல சரக்கு என்று நினைத்திருந்தாள். அது எவ்வளவைத் தின்றுவிட்டுத் தருகிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. அன்னாசியை எத்தனை பெட்டி கொடுத்தாலும் ரயில் நிலையக் கடைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். அதை வருஷா வருஷம் ‘பாத்துக்கலாம்’ என்று தள்ளியவளும் அவள்தான்.

“பயறுக்குப் பூஜ்யமா?”

“சுத்தமா பூஜ்யம்.”

“அப்பாடா!” என்றாள் உள்ளேயிருந்து ஆசுவான். “கைல எடுத்தாலே உதிர்ற சனியன்!”

புதன்கிழமை புதுத் திட்டப்படி வேலை ஆரம்பித்தது. எல்லோரும் ஓடினார்கள். மாலை ஐந்து மணிக்கு ஓவன் நேரம் முடிந்தபோது கரு ஐம்பத்தாறு பெட்டி சரியாக இருந்தது. அன்னாசியை எண்ணினார்கள். நூற்று எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினார்கள். அதே நூற்று எண்பத்தெட்டு.

ஷூபிங் பெட்டிகளிலிருந்து நிமிர்ந்தாள். “இருபத்தெட்டு பெட்டி குறையுது. உன் கம்ப்யூட்டர் முதல் நாளே கவுத்துடுச்சே யுன்ஜு!”

“கணக்கு டீச்சர் மாவு பிசைஞ்சிருந்தா சரியா வந்திருக்கும்” என்றார் ஜியன் மாஸ்டர், கையுறையைக் கழற்றியபடி.

யுன்ஜு அவரோடு சண்டைக்குப் போகவில்லை. ஒரு நிமிடம் அடுக்கி வைத்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இருபத்தெட்டு பெட்டி அன்னாசின்னா ஓவன்ல அம்பத்தாறு நிமிஷம்” என்றாள் மெதுவாக. “இன்னைக்குப் பண்ணின கருவும் அம்பத்தாறு பெட்டி. யாரோ ஒரு பெட்டிக்கு ஒரு நிமிஷம்னு கரெக்டா ஓவனைத் திருடியிருக்காங்க. மாஸ்டர், கருவுக்கு வேற என்ன பண்றீங்க?”

ஜியன் மாஸ்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “என்ன பண்றேன்? காலையில கருமேல அரிசி மது தெளிச்சு வறுத்து எடுப்பேன். வறுக்காம வச்சா மீன் மார்க்கெட் மாதிரி நாறும்.”

“எங்க வறுக்கறீங்க?”

“எப்பவும் அந்த ஓவன்ல.” செத்துப்போன ஓவனைக் காட்டினார். “இப்ப இதுல.”

“நேத்து கேட்டேனே மாஸ்டர், ஏன் சொல்லல?”

“பேஸ்ட்ரி எவ்வளவு நேரம் வேகும்னுதான கேட்ட? கரு எப்ப பேஸ்ட்ரி ஆச்சு?”

ஷூபிங் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர் சொல்வதிலும் தப்பில்லை. எல்லோரும் வருவதற்கு முன்னால், அணைந்துபோன அந்த ஓவனில், தினமும் காலையில் மாஸ்டர் தனியாகச் செய்யும் வேலை அது. பல் துலக்குவதை வேலைக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? இருபத்தைந்து வருஷம் முதலாளியாக இருந்த அவளுக்கே அது நினைவு வரவில்லை. ஆனால் குறைந்த பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே இவள் அதைப் பிடித்துவிட்டாளே!

யுன்ஜு ஓடிப்போய்க் கருவுக்கு மூன்று என்று இருந்ததை நான்காக்கினாள். பட்டனைத் தட்டினாள். கரு ஐம்பது, அன்னாசி இருநூறு. இன்றைய குறையையும் சேர்த்தால் மொத்தம் ஆறு லட்சத்து எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம்.

பதினாறாயிரம் குறைகிறது.

“என் தங்கச்சி மகளைக் கூப்பிடறேன். இன்னொரு ஆள் சேர்ந்தா ஓடிடும்” என்றாள் ஷூபிங் போனை எடுத்தபடி.

“கூப்பிடாதீங்க. இன்னொரு ஆளோட விலை இங்க பூஜ்யம்.”

“என்னடி இப்படிச் சொல்ற? கைவேலைக்குத்தான ஆள் பத்தாதுன்ன?”

“நேத்து பத்தல. இன்னைக்கு மிச்சம். பாருங்க, கைவேலையில நூத்தெழுபது நிமிஷம் சும்மா கிடக்கு. நூறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஒரு டாலர் கூடாது. முட்டறது ஓவன்தான்.” இன்னொரு பக்கத்தைத் திறந்து ஒரு எண்ணின்மேல் விரலை வைத்தாள். “ஓவன்ல ஒரு நிமிஷம் கூடக் கிடைச்சா நமக்கு அறுபத்தஞ்சு டாலர். ஒரு நிமிஷத்துக்கு!”

ஷூபிங் அந்த அறுபத்தைந்தையே பார்த்தாள். ஓவனுக்கு விலை தெரியும், மாவுக்கு விலை தெரியும், ஆளுக்குச் சம்பளம் தெரியும். ஒரு நிமிடத்துக்கு விலைச்சீட்டு ஒட்டி இதுவரை யாரும் அவளிடம் காட்டியதில்லை.

“வறுத்த கருவே கடையில விக்குதே” என்றாள் ஆசுவான்.

“அத வாங்குனீங்கன்னா என் ஏப்ரனையும் வாங்கிக்கங்க” என்றார் ஜியன் மாஸ்டர்.

“அப்ப வெளிய வாங்க வேணாம், வெளிய வறுக்கலாம்” என்றாள் ஷூபிங் திடீரென்று. “மூணு கடை தள்ளி ஹோங்கோட பிரெட் கடை இருக்கே. மதியம் ரெண்டு மணிக்கு மேல அவன் ஓவன் சும்மாதான நிக்குது? முந்தின நாளே வறுத்து வச்சுட்டா?”

யுன்ஜு அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த யோசனை எந்தக் கட்டத்திலும் இல்லை. முகமெல்லாம் மலர்ந்து, அதையும் போட்டுத் தட்டிப் பார்த்தாள். ஹோங்கின் ஓவன் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று போட்டதும் பழைய எண்கள் திரும்பி வந்தன. நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூற்று இருபது டாலர் கூடுதல்.

“நாளைக்குப் பேசி முடிச்சா வெள்ளிக்கிழமையிலேருந்து பதினாறு நாள் கிடைக்கும். நல்லாக் கேட்டுக்கங்க முதலாளியம்மா. அவர் கேக்கற வாடகை மூவாயிரத்து ஐந்நூறு வரைக்கும் போனாலும் நமக்கு லாபம்தான். ஆனா ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குள்ள முடிச்சாத்தான் கடை நம்மளோடது.”

ஷூபிங் அந்த இரண்டு எண்களையும் மனசுக்குள் போட்டுக்கொண்டாள்.

ஹோங் கனத்த உடம்புக்காரன். மறுநாள் மதியம் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரம் குடுத்துடுங்க அக்கா.”

ஒரு வாரத்துக்கு முன்னால் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், ‘பகல் கொள்ளைக்காரா’ என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்திருப்பாள் ஷூபிங். இப்போது அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். அவன் கேட்பது எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெம்பு அவளுக்கே புதுசாக இருந்தது.

“காலையில பிரெட் போட்ட சூடு மதியம் வரைக்கும் உள்ளதான் இருக்கு. அந்தச் சூட்டுக்கு மூவாயிரமா ஹோங்? ஆயிரத்து ஐந்நூறு.”

“அக்கா, முட்டை நாத்தம் என் பிரெட்ல ஏறும்.”

“ஜியன் மாஸ்டர் வறுத்தா நாத்தம் வராது. அவர் கேட்டா உன்னை அடிப்பார். ஆயிரத்து எண்ணூறு.”

“ரெண்டாயிரத்து எழுநூறு. நீங்கங்கறதால.”

“நானுங்கறதால ரெண்டாயிரம் சொல்லு.”

டீ ஆறிப்போனது. ஹோங்கின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “சும்மா நிக்கற ஓவனுக்கு இவ்வளவு பேச்சா? முடிச்சு விடுங்க” என்றாள். கடைசியில் இரண்டாயிரத்து இருநூறில் வந்து நின்றது. கூடவே, தினமும் உடைந்துபோகும் அன்னாசி கேக்கெல்லாம் ஹோங் குடும்பத்துக்கு.

அதைக் கேட்டு ஆசுவான் கொதித்துப்போனாள். உடைந்ததெல்லாம் இதுவரை அவள் பங்கு. “என்னைக் கேக்காம என் கேக்கைத் தூக்கிக் குடுத்துட்டீங்களா?”

“பண்டிகை முடியட்டும் அக்கா, முழுசாவே தர்றேன்” என்றாள் ஷூபிங்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஜியன் மாஸ்டர் தன் மதுத் தெளிப்பானையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். திரும்பி வந்து, “அந்த ஓவன் மோசமில்ல” என்று மட்டும் சொன்னார். பிறகு யுன்ஜுவின் மேஜைக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் நின்று, “அரிசி மது தெளிக்க நாலு நிமிஷம், கரு ஆற இருபது நிமிஷம். கேட்டா சொல்லலன்னு சொல்லாத” என்றார்.

“எழுதிக்கிட்டேன் மாஸ்டர்.”

“சரியா எழுது.”

அதற்குப் பிறகு பேக்கரி கடிகாரம் மாதிரி ஓடியது. கரு ஐம்பத்தாறு, அன்னாசி இருநூற்றுப் பதினாறு. தினமும் மாலை ஐந்துக்குப் பெட்டிகளை எண்ணுவது எல்லோருக்கும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பதினோராம் நாள் இருபது நிமிடம் மின்சாரம் போனபோது யுன்ஜு கணினியைத் திறப்பதற்குள் ஷூபிங் கத்தினாள்:

“ஆயிரம் போச்சு!”

“எப்படிச் சொன்னீங்க?” என்று யுன்ஜு ஆச்சரியப்பட்டாள்.

“இப்ப ஓவன் நிமிஷம் அறுபத்தஞ்சு இல்லையே? ஹோங் ஓவன் வந்ததுக்கப்புறம் கைவேலையும் முட்டுது, விலை அம்பதுக்கு இறங்கிடுச்சுன்னு முந்தாநாள் நீதான காட்டின? இருபது பெருக்கல் அம்பது.”

யுன்ஜு எழுந்து போய் இரண்டு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றை இரண்டு கையாலும் ஷூபிங்கிடம் நீட்டினாள்.

பண்டிகையன்று மாலை, தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் போல, பேக்கரி வாசலிலும் கரி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். ஜின்ஃபா ஒரு பை நிறைய பம்பளிமாஸ் பழத்தோடு வந்தார். பழத்தைக் கீழே வைக்கும் முன்பே கையை நீட்டினார். ஷூபிங் தாளைக் கொடுத்தாள். அவர் விளக்குக்குக் கீழே போய் நின்று, மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தார்.

ஏழு லட்சத்து மூவாயிரத்து நூற்றைம்பது.

“ஒரு ஓவன்லயா?”

“ஒண்ணு, அப்புறம் ஹோங் கடையில ஒரு மணி நேரம்.”

“பயறு கேக்கே போடலையாமே? ஊர்ல பேசிக்கிட்டாங்க, இவ பைத்தியம்னு.” ஜின்ஃபா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “டீக்கடைக்காரனை வேற இடம் பாக்கச் சொல்லிடறேன்.”

ஷூபிங்கின் கணவன் வாட்டிக்கொண்டிருந்த இறைச்சி கருகியதுகூடத் தெரியாமல் நின்றான். ஷூபிங் அவன் கையிலிருந்து இடுக்கியை வாங்கித் திருப்பிப் போட்டாள்.

ஜின்ஃபா ஒரு துண்டை மென்றுகொண்டே குரலைத் தாழ்த்தினார். “இந்த யுன்ஜுவை மாசத்துல பத்து நாள் என் பெயின்ட் கடைக்கு அனுப்பேன். அங்கயும் எதைப் போடறது எதை விடறதுன்னு ஒண்ணும் புரியல.”

“அனுப்பலாம் பெரியத்தான். அவளோட ஒரு மணி நேரத்துக்கு என்ன விலைன்னு நானே கணக்குப் போட்டு வச்சிருக்கேன். சொல்லட்டுமா?”

“எவ்வளவு?”

சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரு பம்பளிமாஸை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

யுன்ஜு நெருங்கி வந்தாள். “நிஜமாவே போட்டீங்களா?”

ஷூபிங் ஏப்ரன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து யுன்ஜுவின் சம்பளம். பெருக்கல், கழித்தல், அடித்துத் திருத்தியது எல்லாம் அப்படியே இருந்தது. யுன்ஜு அதை வாசித்தாள். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள்.

“கணக்கு சரிதான் முதலாளியம்மா. ஒரு கட்டுப்பாடு மட்டும் விட்டுப்போச்சு.”

“என்ன?”

“ஞாயித்துக்கிழமை வேலை பூஜ்யம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.